முந்நூற்றைம்பது மீட்டர்

மொன்ட்ரியாலில் எங்கள் ஆட்கள் என்னை மழை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். ராஜகுலசிங்கம் என்ற பெயர் என் சம்பளத் துண்டிலும் கோயில் அர்ச்சனைத் துண்டிலும் மட்டும் இருந்தது. இருபத்தாறு வருடம் வானிலை முன்னறிவிப்பாளனாக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, வீடு மாறுவது, எதுவானாலும் நம்மவர்கள் முதலில் மண்டபக்காரருக்குத் தொலைபேசி அடிப்பார்கள், அடுத்ததாக எனக்கு அடிப்பார்கள். வெயில் எறித்தால் அது அவர்களுடைய நல்ல மனதுக்கு. மழை கொட்டினால் ஏச்சு எனக்கு.

எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் தொழிலைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் சிவபாதம் அண்ணை கேட்டார். ஊரில் தபாலதிபராக இருந்தவர். கேட்டுவிட்டு ஒரு சிரிப்போடு சொன்னார்: "அந்த பஸ் கதையை மட்டும் எழுதிப்போடாதையும் தம்பி. சனம் இப்பதான் மறந்துகொண்டு வருது."

சனம் மறக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் நாற்பத்திரண்டு பேர் வடக்கு மலைகளுக்கு, இலையுதிர்காலத்தில் சிவக்கும் இலை பார்க்கப் போனார்கள். என் பேச்சைக் கேட்டு, விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை வாயில் வைக்குமுன் திரும்பி வந்தார்கள். அன்று முழுக்க அவர்கள் கண்டது வெறும் மழை. அன்றிலிருந்து நான் இலை பார்க்க அனுப்பி மழை காட்டின ஆள். அந்த பஸ்ஸில் போனவர்களில் பலர் இந்த மலரை வாசிப்பீர்கள் என்பதால் அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் என் பழைய அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த நாளை இன்றைக்கும் பாடமாக வைக்கிறார்கள் என்று சொல்லி என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அங்கே பிரெஞ்சில் முக்கால் மணித்தியாலம் பேசினேன். ஆனால் புளிச்சாதம் இல்லாமல் அந்தக் கதை முழுமையாகாது. புளிச்சாதத்துக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

படித்த கதை சுருக்கம். ஊரில் பௌதிகம் படித்தேன். இங்கே அகதியாக வந்து மூன்று வருடம் கோப்பை கழுவினேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன், திரும்பவும் பல்கலைக்கழகம் போய்ச் சின்னப் பெடியங்களோடு ஒரே வாங்கில் இருந்து வானிலை படித்தேன். வேலை கிடைத்த முதல் இரண்டு வருடம் மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளில் எழுத்துப் பிழை பார்த்தேன். அவ்வளவுதான்.

தொழிலில் எனக்குப் பிடித்தது, மற்றவர்கள் வெறுத்த ஒன்று: மழையும் பனியும் கலந்து வரும் புயல். ஒக்டோபரில் எங்கள் தலையில் விழும் மழை அநேகமாக எல்லாமே மேலே பனியாகத்தான் புறப்படுகிறது. கீழே வரும் வழியில் சூடான காற்றுக்குள் புகுந்தால் உருகி மழையாகிறது. எந்த உயரத்தில் உருகி முடிகிறதோ, அதற்கு மேலே இருப்பவனுக்குப் பனி, கீழே இருப்பவனுக்கு மழை. அந்த உயரத்துக்குப் பனி எல்லை என்று சொல்லுவோம். ஒரே புயல், ஒரே நேரம்: ஆற்றங்கரையில் குடை பிடிக்கிறார்கள், ஒரு மணித்தியாலம் வடக்கே மலையில் கார்கள் பள்ளத்தில் கிடக்கின்றன. பனி எல்லையை இருநூறு மீட்டர் பிழையாகச் சொன்னால் ஒரு முழு ஊரையே பிழையான பக்கத்தில் விட்டுவிடுவோம். அந்தக் கோட்டை இழுப்பதில் நான் கெட்டிக்காரன். தற்பெருமைதான், ஆனால் பொய் இல்லை.

எங்கள் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர் மதாம் கரோன். என்னைவிட ஒன்பது வயது இளையவர். அந்தக் கதிரை எனக்குத்தான் வரும் என்று நான் நினைத்திருந்தபடியால் முதல் ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு அப்பிளைச் சின்னக் கத்தியால் எட்டாக வெட்டி, ஒரு துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். ஏழாவது மாதம் நான் அதைச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அவர் கொண்டுவந்த முறைகள் முதலில் எனக்கு விளையாட்டாகத் தெரிந்தன. கலப்புப் புயல் வருகிறதென்றால், பணியில் இருக்கும் இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் பனி எல்லையைத் தனித்தனியே எழுதிக் கவிழ்த்து வைக்கவேண்டும். பிறகு ஒன்றாகத் திருப்பவேண்டும். பெரியவர் சொன்னதற்குச் சின்னவர் தலையாட்டக்கூடாது என்பதற்காக. அடுத்தது ஏணி. சுவரில் ஒட்டிய ஒரு தொலைபேசிப் பட்டியலுக்கு அந்தப் பெயர். ஆற்றங்கரையிலிருந்து மலையுச்சி வரைக்கும் எட்டு உயரங்களில் எட்டுப் பேர்: பெற்றோல் நிலையக்காரர், பள்ளிக்கூடக் காவலாளி, தெப்பனர் என்கிற மூலைக்கடைக்காரி, ஹோட்டல் சமையல்காரர், இப்படி. அவர்களிடம் மழையா பனியா என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் மனிதர்கள் தாங்கள் பயப்படுவதையோ விரும்புவதையோ சொல்லுவார்கள். கண்ணாடியில் விழுந்தது வழிகிறதா, நிற்கிறதா என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது முறை ஒரு கேள்வி. எச்சரிக்கையில் கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "உங்கள் ஆட்கள் யாராவது வெளியே இருக்கிறார்களா?" இருந்தால் அந்தப் பணியாளர் கையெழுத்து வைக்கக்கூடாது. வீட்டு ஆள் தெருவில் இருக்கும்போது யாருடைய பென்சிலும் நேராகப் போகாது என்பது அவருடைய எண்ணம். கடைசியாக, எதையும் சொந்தக்காரருக்கு முதலில் சொல்லக்கூடாது. அறிக்கை எல்லோருக்கும் போனபிறகுதான் வீட்டுக்கு அடிக்கலாம். இந்த ஒன்றுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத முறை. எங்கள் சனத்துக்கு அது விளங்கவே விளங்காது.

இனி, சிவபாதம் அண்ணைக்குத் தெரியாத பகுதியைச் சொல்கிறேன்.

அந்த ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, நான் தெப்பனரில் பால் வாங்கிக் காசு கொடுக்க நின்றபோது சிவபாதம் அண்ணை அடித்தார். ஞாயிற்றுக்கிழமை மழை கிழை வருமோ என்று கேட்டார். பின்னேரம் கொஞ்சம் தூறும், யோசிக்காமல் போங்கோ என்று சொன்னேன். கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் மொன்ட்ரியாலுக்கு அது சரியான பதில். அலுவலகத்தில் யார் கேட்டிருந்தாலும் என் வாயில் முதலில் வருவது, எந்த இடத்துக்கு, எவ்வளவு உயரத்துக்கு என்ற கேள்விதான். அவரிடம் கேட்கவில்லை. வயதில் மூத்தவர், ஆசையாகக் கேட்கிறார், அவரை நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்தால் பெரிய ஆள் கதை கதைக்கிறான் என்று நினைப்பார் என்று கூச்சப்பட்டேன். மரியாதையாகப் பதில் சொன்னேன். மரியாதையான பிழை.

சனிக்கிழமை பின்னேரம் வடை தட்டிக்கொண்டு நின்ற என் மனைவி வசந்திதான் இடத்தைச் சொன்னாள். அவள் சங்கத்துக்குத் தொண்டராக பஸ்ஸில் போகிறாள். அவள் சொன்ன மலைப் பூங்காவை எனக்குத் தெரியும். நானூற்றிருபது மீட்டர். உடனே கணினி வரைபடங்களைப் பார்த்தேன். பனி எல்லை எழுநூறு என்று இருந்தது. அப்படியானால் அங்கேயும் மழைதான். மனதுக்குள் ஏதோ உறுத்தினாலும் இரண்டு வடையைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் மதாம் கரோனும் பணியில். எட்டு மணிக்கு மேலே போன பலூன், பூச்சியம் பாகை தொள்ளாயிரம் மீட்டரில் இருப்பதாகச் சொன்னது. அது சரி. ஆனால் அதற்குக் கீழே காற்று எதிர்பார்த்ததைவிடக் காய்ந்திருந்தது. காய்ந்த காற்றுக்குள் மழை விழுந்தால் துளி ஆவியாகும், காற்று குளிரும். மழை பலமாகப் பெய்தால் உருகும் பனியும் காற்றின் சூட்டை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் பனி எல்லை படியிறங்கத் தொடங்கும். மரங்களில் இன்னும் இலை இருந்தது. இலையில் ஈரப் பனி ஏறினால் கிளை தாங்காது, தெருவுக்குக் குறுக்கே விழும். பஸ்ஸில் பனிக்காலச் சில்லும் கிடையாது.

பதினொரு மணிக்குத் தாள்களைத் திருப்பினோம். அவருடையதில் ஐந்நூறு. என்னுடையதில் முந்நூற்றைம்பது.

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஓம், என் மனைவியும் நாற்பத்தொரு முதியவர்களும் நானூற்றிருபது மீட்டரில், பூங்காக் கொட்டகைக்குள், இப்போது பாய் விரித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொன்னேன். இரண்டு தாளையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோடு சரியென்றால் என் ஆட்களுக்கு மழை. என்னுடையது சரியென்றால் பனி. நான் பயத்தில் எழுதினேனா என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், எனக்குத் தெரியவில்லை என்று. அது உண்மை. இருபது வருடமாக என் கைக்குப் பழகிய கணக்கு, அன்று கணக்கா நடுக்கமா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிழையாகப் போனால், பெண்சாதிக்காக ஒரு மலைப் பிரதேசத்தையே விடுமுறை நாளில் வீட்டுக்கு அனுப்பினவன் என்ற பெயர் எனக்கு நிற்கும். சரியாக இருந்து அவர் என் சொல்லைக் கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"பயப்படாத ஆட்களிடம் கேட்போம், மிஸ்யூ ராஜா" என்றார். ஏணியை அவரே எடுத்தார். என் குரல் போனால் பதில் என் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டார்.

முதலில் நானூறு மீட்டரில் இருக்கும் தெப்பனர்க் கடைக்காரி. கண்ணாடியில் வழிகிறது, மழைதான், வேறொன்றும் இல்லை என்றாள். மனைவிக்கு நல்லது, என் கோட்டுக்குக் கெட்டது. இரண்டாவது, இருநூற்றைம்பது மீட்டரில் பள்ளிக்கூடக் காவலாளி. பத்து மணிக்கு ஆறு பாகை இருந்தது, இப்போது மூன்று என்றார். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று மதாம் கேட்டார். அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது, விடிய அப்படி இல்லை என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பள்ளத்தாக்கு வழியாகக் குளிர் கீழேயிருந்து நுழைகிறது. அந்தக் குறுகலான பள்ளத்தாக்கு அன்றைய கணினியின் கண்ணில் படாது. அதன் வரைபடத்தில் அங்கே ஒரு சமவெளிதான் இருந்தது.

மூன்றாவது, நானூற்றைம்பது மீட்டரில் ஹோட்டல் சமையல்காரர். நல்ல மனிதர். அடுப்பில் வைக்கும் கறுத்தத் தட்டத்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் நின்று, விழுவதைப் பார்த்துக்கொண்டே பேசினார். மழைதான், ஆனால் துளிக்குள் வெள்ளையாக ஏதோ இருக்கிறது, பார்க்கப் பார்க்கக் கரைகிறது என்றார். மதாம் ராடார் திரையைப் பக்கத்தில் இழுத்தார். பனி உருகும் உயரம் அதில் ஒரு வெளிச்சமான வளையமாகத் தெரியும். உயரம் இறங்க இறங்க வளையம் சுருங்கும். அரை மணித்தியாலத்துக்கு முந்தியதையும் இப்போதையதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். சுருங்கியிருந்தது.

அவர் ஐந்நூறைக் குறுக்கே வெட்டிவிட்டு முந்நூற்றைம்பது என்று எழுதினார். பிறகு அறிக்கையை எழுத உட்கார்ந்தார். நேரம் பதினொன்று இருபது.

அப்போது என் சட்டைப் பையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வசந்தி.

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஒரு தொலைபேசி அதிர்ந்ததில்லை. ஒரு சொல் போதும், இறங்கி வா என்று. அதைச் சொல்லியிருந்தால் எந்தச் சட்டமும் என்னைத் தூக்கில் போட்டிருக்காது. ஆனால் அதே மலையில் இன்னும் எத்தனையோ பேர் பாய் விரித்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் வானிலைக்காரன் இல்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்தேன். அது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பு வரைக்கும் நகர்ந்து நின்றது. மதாம் கரோன் நிமிரவில்லை, எழுதும் வேகம் மட்டும் கூடியது.

எழுதி முடித்ததும் எப்போதும்போல் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். முந்நூற்றைம்பது மீட்டருக்கு மேல், ஒரு மணி முதல், கனமான ஈரப் பனி, மரங்கள் முறியும், மலைப்பாதைகளைத் தவிர்க்கவும். ஒரு இடத்தில் வசனம் நீளம் என்று நிறுத்தி, இரண்டாக வெட்டினார். அந்த ஒரு நிமிடத்தில் நான் அவரை மனதுக்குள் தமிழில் ஏசினேன். பதினொன்று முப்பத்தெட்டுக்கு அறிக்கை போனது. அவர் என் கைத்தொலைபேசியை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"இப்போது எல்லோருக்கும் தெரியும். மனைவியிடமும் சொல்லுங்கள்."

வசந்தி எடுத்தாள். இலையெல்லாம் குங்குமம் மாதிரி இருக்கு, நீங்கள்தான் இல்லை என்று தொடங்கினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சிவபாதம் அண்ணையிடம் கொடுத்தாள்.

"இப்ப என்ன அந்தரம் தம்பி?" என்றார் அவர். "சனத்துக்கு நீரிழிவு. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, ரெண்டு மணிக்குத் தேத்தண்ணி, பேந்து வெளிக்கிடுறம்."

அவ்வளவு நேரம் இல்லை அண்ணை, ஒரு மணிக்கு அங்கே பனி கொட்டும் என்று சொன்னேன்.

"செவ்வாய்க்கிழமை நீர்தானே யோசிக்காமல் போங்கோ எண்டனீர்?"

அந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி. மழை அண்ணையின் சொல்லுக்கு அன்று அந்த மலையில் ஒரு சதப் பெறுமதி கூட இல்லை, அதைக் கெடுத்தவன் நானே. இருபது நிமிடம் முந்தி, கள்ளமாக அடித்துச் சொல்லியிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

அவர்களை அசைத்தது நான் அல்ல. ஹைட்டியிலிருந்து வந்த பஸ் சாரதி, மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்குள் இருந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு எங்கள் அறிக்கை அதில் வாசிக்கப்பட்டது. மதாம் இரண்டாக வெட்டிய அந்த வசனம், உயரத்தோடும் நேரத்தோடும். அவர் இறங்கிவந்து, பன்னிரண்டு பத்துக்கு நான் கீழே போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று சொல்லிவிட்டு இயந்திரத்தைப் போட்டார். புளிச்சாதப் பார்சலை மடியில் வைத்துச் சாப்பிடலாம் என்று சொல்லி வசந்தி ஒவ்வொருவராக ஏற்றினாள். இதெல்லாம் பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பன்னிரண்டு மணிக்குப் பிறகு அவளுடைய தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சமையல்காரர் தானாகவே அடித்தார். தட்டம் வெள்ளையாகிவிட்டது என்றார். ஒன்று பத்துக்குப் பூங்காவுக்குக் கீழே உள்ள ஏற்றத்தில் ஒரு லொறி குறுக்கே திரும்பி நின்றது, அதன் மேலேயே ஒரு மரமும் சரிந்தது. அந்தப் பாதையை அடுத்த நாள் காலைதான் திறந்தார்கள். பனி எல்லை ஒரு பக்கம் முந்நூற்றுமுப்பதிலும் மறுபக்கம் முந்நூற்றெழுபதிலும் வந்து நின்றது. ஆனாலும் பெரும்பாலான கார்கள் நேரத்தோடு இறங்கிவிட்டன, ஒருவரும் சாகவில்லை. அந்தத் தாளை, குறுக்கே வெட்டிய ஐந்நூறோடு, மதாம் கரோன் நான் ஓய்வுபெற்ற அன்று சட்டம் போட்டுத் தந்தார். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் அது என்ன கடைக் கணக்கா என்று கேட்கிறார்கள்.

இவற்றையெல்லாம் அன்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லவேண்டி வரும். இப்போது சொல்லிவிட்டேன். அண்ணை, மன்னியுங்கோ.

இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும், காலையில் பஸ் புறப்பட்ட, வில்லரே பகுதி மண்டபத்துக்கு நேராகப் போனேன். வசந்தியிடமிருந்து இன்னும் ஒரு செய்தியும் இல்லை. குடையும் எடுக்கவில்லை. முப்பது மீட்டர் உயரத்தில், செவ்வாய்க்கிழமை நான் சொன்னதைவிடக் கொஞ்சம் பலமாக, மழை பெய்துகொண்டிருந்தது. கால்மணி நேரம் நின்றிருப்பேன். மலையிலிருந்து இறங்கிய கார்களின் நெரிசலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊர்ந்து வந்த பஸ் மூலையில் திரும்பியது.

முதலில் இறங்கியவர் சிவபாதம் அண்ணை. தொப்பியைக் கழற்றி உதறி, வானத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்து, "எங்கை தம்பி உம்மடை ஸ்னோ?" என்றார். அவருக்குப் பின்னால் ஒருவர், தன்னுடைய பாய் மட்டும் அங்கேயே விடுபட்டுப் போச்சு என்றார். அடுத்தவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்றார். ஒரு அம்மா, வளைவில் பஸ் திரும்பிய திருப்பில் சேலையெல்லாம் புளிச்சாதம் என்று விரித்தே காட்டினார். இன்னொருவர் தெர்மஸ், மற்றவர் குடை, வேறொருவர் இனி உம்மைக் கேட்டு ஒரு இடமும் போகமாட்டம் என்றார். ஒருவர் விடாமல் ஏசினார்கள். நான் நனைந்துகொண்டு நின்றேன். இறங்குகிறவர்களை எண்ணுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

கடைசியாக, வெறும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தி இறங்கினாள். நாற்பத்திரண்டு.